கை மூடும் வரை

மணற்பட்டினத்துக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு அந்த ஒரு வருஷம் யாரும் இடப்பக்கம் வலப்பக்கம் சொன்னதில்லை. பேருந்தை விட்டு இறங்கி நில்லுங்கள், காதைக் கொடுங்கள், எந்தப் பக்கம் சத்தம் கனமாக வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்தால் மாதா கோயில் வரும், கோயில் வந்தால் ஊர் வந்துவிட்டது, என்பார்கள். அது என்ன சத்தம் என்று கேட்டால், தெருவிளக்கைக் காட்டுகிற மாதிரிக் கையை நீட்டி, "அது அமலோர்" என்பார்கள்.

அமலோர் அப்போது செத்து அடக்கமாகியிருந்தார்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவர் தஸ்நேவிஸ், பாட்டு எழுதுகிறவர்; இளையவர் அமலோர், அண்ணன் எழுதுவதை ஊதுகிறவர். தஸ்நேவிஸ் இருபது வருஷமாகச் சென்னையில் சினிமாவுக்குப் பின்னணி வாசித்துக்கொண்டும், அடுத்தவர்கள் பெயரில் வரும் படங்களுக்குக் குழல் பகுதிகளை எழுதிக் கொடுத்துக்கொண்டும் இருந்தார். சண்டையில் வில்லன் விழும்போது அலறுகிற டிரம்பெட்டும், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நுழையும்போது பொங்குகிற கிளாரினெட்டும் பல படங்களில் அவர் எழுதியவைதான், ஆனால் திரையில் அவர் பெயர் ஓடியதில்லை. ஆனாலும் வருஷம் ஒருமுறை மாதா திருவிழாக் கொடியேற்றத்தன்று மாலை, கோயில் முற்றத்தில் நடக்கும் கச்சேரிக்குப் புதிதாக ஒரு உருப்படி எழுதிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார், பலகை மேடையில் ஏறி நின்று ஊர் பேண்டின் இருபத்திரண்டு பேருக்கும் கை காட்டி நடத்துவார், அந்த ஒரு மாலைக்கு அவர் வேறு யாருடைய ஆளும் இல்லை.

அந்த பேண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மேடையில் நிற்பவர் விரித்த கையை மூடினால்தான் குழல் மூட வேண்டும், அதற்கு முன்னால் உதடு கிழிந்தாலும் எடுக்கக் கூடாது. முன்பொரு வருஷம் கச்சேரி முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, அப்போதைய பேண்ட் மாஸ்டர் நனைந்த பலகையில் வழுக்கிச் சேற்றில் விழுந்தார், விழுந்தவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி, வேட்டியைத் தேடி, மறுபடி ஏறி வந்து கையை மூடுகிற வரைக்கும் அத்தனை பேரும் மழையில் அந்தக் கடைசிச் சுரத்தையே ஊதிக்கொண்டு நின்றார்கள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் காரணமாகப் போயிற்று.

அந்த வருஷத்து உருப்படியை தஸ்நேவிஸ் இப்படி முடித்திருந்தார்: டிரம்பெட்டுகள் ஓய, கிளாரினெட்டுகள் ஓய, டிரம் அடிக்கிற குரூஸ் குச்சிகளை மடியில் வைத்துவிட, எல்லோரும் போன பிறகு அமலோரின் யூஃபோனியம் மட்டும், மடியில் பிள்ளையை வைத்திருப்பது போல வைத்து ஊதுகிற அந்தப் பெரிய பித்தளைக் குழல் மட்டும், ஒரே ஒரு கீழ்ச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சுரத்தின் தலைமேல் ஒரு வளைவும் அதற்குள் ஒரு புள்ளியும் போட்டிருந்தார். பேண்ட்காரர்கள் அதைக் கண் என்பார்கள். கண் திறந்திருக்கும் வரை சுரம் நிற்கும். கண்ணை மூடுவது மாஸ்டரின் கை.

கச்சேரி நடந்தது, எல்லோரும் ஓய்ந்தார்கள், அமலோர் அந்தச் சுரத்தைப் பிடித்தார். அண்ணனின் வலது கை விரித்தபடி காற்றில் நின்றது. அப்போது தஸ்நேவிஸின் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. மூன்று நாளாக அவர் எதிர்பார்த்திருந்த அழைப்பு அது: இளம்பரிதி என்றொரு இயக்குநர், கலங்கரை விளக்கக்காரன் ஒருவனைப் பற்றிய படம், முழுக்கக் குழலிசை, "இசை: தஸ்நேவிஸ்" என்று திரையில் தனியாக ஒரு வரி. வலது கை அப்படியே நிற்க, இடது கை பைக்குப் போயிற்று. குனிந்து பெயரைப் பார்த்தார். பெயரைப் படிக்கிற நேரம்தான் என்று பிறகு தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். ஆனால் பெயரைப் படித்த பிறகு, அழைப்பு நின்று குறுஞ்செய்தி வந்ததையும் அவர் படித்தார், படித்துவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

நிமிர்ந்தபோது அமலோர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார், உதடு குழலை விட்டு விலகியிருந்தது, கண்கள் மட்டும் அண்ணனின் வலது கையைப் பார்த்தபடி இருந்தன. சுரம் நின்றுகொண்டே இருந்தது.

ஆள் விழுந்துவிட்டது தெரிந்து ஓடினார்கள், தூக்கினார்கள், ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள், இதயம் என்றார் டாக்டர். குழலைப் பிலோமியின் வீட்டில், அதாவது அமலோரின் மனைவி வீட்டில், கொண்டுபோய் வைத்தார்கள், அது ஊமையாகத்தான் கிடந்தது. சுரம் முற்றத்திலேயே இருந்தது. உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனின் நெஞ்சு உயரத்தில், அந்த மடக்கு நாற்காலிக்கு மேலே, ஏறாமல் இறங்காமல், நடுங்காமல் இருந்தது. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனபோது அதுவும் பின்னால் வரும் என்று சிலர் நினைத்தார்கள். வரவில்லை. கை மூடவில்லை, சுரம் நிற்கவில்லை.

பங்குச்சாமி அடக்க ஜெபத்தை அந்தச் சுரத்திலேயே எடுத்தார், வேறு எதில் எடுத்தாலும் இடறியது. பிறப்பிலிருந்தே சுதி சேராத குரூஸின் மனைவி அன்றைக்கு முதன்முதலாகச் சுதியோடு பாடினாள். முப்பதாம் நாளுக்குள் ஊர் பழகிக்கொண்டது. பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிறவர் அதிலிருந்து குரலை எடுத்துக்கொண்டார். மீன் ஏலம் கூவுகிற சந்தனமாரி அதற்கு ஒரு படி மேலே கூவினாள், அந்த ஒரு படியில் அவள் குரலுக்கு என்னவோ ஒரு துக்கம் வந்து சேர்ந்ததால் பேரம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். தேநீர்க் கடைக் கிளாஸ்களில் எப்போதும் வட்டம் வட்டமாக ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. மார்கழி மூட்டத்தில் கரை தெரியாமல் போன படகுகள் இன்ஜினை அணைத்துவிட்டு, அமலோர் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பின. தொட்டில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கின. வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள், போன இடத்தில் தூக்கம் வரவில்லை, இங்கே ஒன்றுமே கேட்கவில்லை, என்று போனில் அழுதார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்திருப்பதாக யாரோ மனு போட, சப்-இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒயர் எங்கவே?"

"ஒயர் இல்லீங்க ஐயா. அது அமலோர்," என்றார் குரூஸ்.

"ஆள வரச் சொல்லும்."

"ஆளு கல்லறையில இருக்காருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், 'ஒலிபெருக்கி ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

பிலோமி தினமும் நாலு மணிக்குக் கடுங்காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வருவாள், கிளாஸை நாற்காலிக்குக் கீழே வைப்பாள், எதிரே உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். கூரையில் ஓடு நகர்ந்ததைச் சொல்வாள். அமலோர் உயிரோடு இருந்த காலத்தில் அவள் பேச்சுக்கு ஊம் கொட்ட மாட்டார் என்று ஒரு குறை அவளுக்கு. இப்போது ஒரே நீளமாக ஊம் கொட்டிக்கொண்டிருக்கிறார் என்று பெண்கள் அவளைச் சீண்டுவார்கள், அவளும் சிரிப்பாள். காப்பி ஆறுகிற வரைக்கும் அதன் மேல் வட்டங்கள் விரிந்தபடி இருக்கும். ஆறிய காப்பியை முற்றத்து வேம்பின் வேரில் ஊற்றிவிட்டுப் போவாள்.

தஸ்நேவிஸ் சென்னைக்குத் திரும்பவில்லை. சட்டம் தெரிந்தவர் அவர், தன் கை மூடாததுதான் காரணம் என்று முதல் நாளே தெரியும். ஒரு மத்தியானம் மேடையிருந்த இடத்தில் போய் நின்று கையை உயர்த்தினார். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று பதிலுக்குக் கையசைத்தார்கள். அவர் கையை இறக்கிக்கொண்டார். படகுகளுக்கு வேண்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது, பிலோமிக்கு வேண்டியிருக்கிறது, நான் யார் நிறுத்த, என்று சொல்லிக்கொண்டார். யாரிடமும் சொல்லாத காரணம் இன்னொன்று இருந்தது. கோயிலுக்கு எதிர்வீட்டு மாடியில் அவர் அந்தப் படத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். எதை எழுதினாலும் ஜன்னல் வழியே வருகிற அந்தச் சுரத்துக்கு இசைய வேண்டியிருந்தது, பொய்யான ஒரு கட்டத்தை எழுதினால் அது உடனே இடித்துக் காட்டிவிடும், அப்படி இடித்து இடித்து இருபது வருஷத்தில் எழுத வராத இசை எல்லாம் அவருக்கு அந்த ஏழு மாதத்தில் வந்தது. தம்பியின் மூச்சின் மேல் அண்ணன் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்ததைச் சென்னையில் பதிவு செய்தார்கள். அங்கே யாரும் யார் கையையும் பார்ப்பதில்லை. காதில் மாட்டிய கருவியில் டக் டக் என்று தாளம் விழும், அதைக் கேட்டு ஊதி, அது நின்றதும் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். தஸ்நேவிஸ் ஊரில் பதிவு செய்துவந்த அந்தச் சுரத்தையும் ஒரு தடத்தில் சேர்த்திருந்தார், கலங்கரை விளக்கக்காரன் சாகிற இடத்துக்காக. ஒலிக்கலவை செய்கிற முரளி அந்தக் காட்சி முடிகிற இடத்தில் விசையை மெல்லக் கீழே இறக்கினார். அலை இறங்கியது, காற்று இறங்கியது, கிளாரினெட் இறங்கியது. சுரம் இறங்கவில்லை. அடுத்த காட்சிக்குள் போயிற்று, காதல் பாட்டுக்குள் போயிற்று, நகைச்சுவை நடிகர் கட்டிலிலிருந்து விழுகிற இடத்திலும் நின்றது. முரளி அந்தத் தடத்தையே அழித்தார். அழித்த பிறகும் கேட்டது.

"சார், ரிலீஸ் தேதி போட்டாச்சு சார்," என்றார் இளம்பரிதி, தலையில் கை வைத்துக்கொண்டு.

முரளி பொறுமையான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின்ல கோளாறு இல்ல. இத ஊதுறவர் மெஷினுக்கு வாசிக்கிற ஆளே இல்ல. யாரையோ பாத்துட்டே வாசிக்கிறாரு, கேட்டாலே தெரியுது. அவங்க கட் குடுத்தா நிறுத்திடுவாரு." பிறகு தஸ்நேவிஸ் பக்கம் திரும்பி, "இவருக்கு யாரு சார் கட் குடுக்கணும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

தஸ்நேவிஸ் எழுந்து வெளியே வந்தார், அன்றைக்கே ஊருக்கு வண்டி ஏறினார்.

அவர் வந்து சேர்ந்தபோது நாலு மணி. பிலோமி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், வெகுநேரம் காப்பியில் விரிகிற வட்டங்களைப் பார்த்தார்.

"பிலோமி, அன்னைக்கு நான் கைய மூடலம்மா."

"தெரியும்."

"போன் வந்துச்சு. பாத்தேன்."

"தெரியும் பெரியத்தான். மேடைக்குப் பக்கவாட்டுல மூணாவது வரிசையில இருந்தேன்லா. ஒங்க சட்டப் பையில வெளிச்சம் அடிச்சுது. நீங்க சிரிச்சதையும் பாத்தேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அவியளும் பாத்திருப்பாவ. பாத்துட்டும் குழல விடல. அண்ணன் இப்பம் மூடும், இப்பம் மூடும்னு இருந்திருப்பாவ. எனக்கு ஒங்க மேல உள்ள ஆத்திரத்த விட அவிய மேலதான் ஆத்திரம்."

"ஏன் சொல்லல இத்தன நாளு?"

பிலோமி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா நீங்க மூடிருவிய. மூடிட்டா, நாலு மணிக்கு நான் யாருக்குக் காப்பி போட?"

அவள் ஆறிய காப்பியை வேம்பின் வேரில் ஊற்றினாள். பிறகு அவளே சொன்னாள். "ராத்திரி படுத்தா நானும் கூடவே மூச்சப் புடிச்சுப் பாக்குதேன் பெரியத்தான். நாப்பது எண்ணுததுக்குள்ள நெஞ்சு வெடிக்கு. அவிய வருசமாப் புடிச்சிட்டு இருக்காவ."

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. தஸ்நேவிஸ் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார், போனைச் சொன்னார், சிரித்ததைச் சொன்னார். யாரும் அவரை வையவில்லை. வைதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஊருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

"மூட்டத்துல கரைக்கு எப்பிடி வர?" என்றார் ஒருவர்.

"எம் பேரன் அது இல்லாம ஒறங்க மாட்டானே," என்றாள் ஒருத்தி.

"நான் திரும்பவும் சுதியில்லாமப் பாடணுமா?" என்றாள் குரூஸின் மனைவி, குரூஸ், "அது எனக்குல்லா கஷ்டம்" என்றார், கொஞ்சம் பேர் சிரித்தார்கள், சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

அப்போது தொம்மை எழுந்தார். சங்கு குளிக்கிறவர், நாற்பது வருஷம் கடலடியில் மூச்சடக்கியவர், காது பாதி மந்தம், அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அன்றைக்கு மெல்லப் பேசினார்.

"நாங்க கீழ எறங்கும்போது மேல ஒருத்தன் கயிறப் புடிச்சிட்டு நிப்பான். மச்சினன்தான் நிப்பான், வேற ஆளை நம்ப மாட்டோம். கீழ உள்ளவன் கயிற அசைச்சா இழுக்கணும். அசைக்காமப் போனாலும், நேரம் தெரிஞ்சு இழுக்கணும். கீழ கெடக்கவனால படகுக்கு லாபம், கரைக்கு லாபம்னு பாத்துக்கிட்டு நிக்கப்படாது." முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "எழும்பி வந்து வாயத் தொறந்து முத மூச்சு ஒண்ணு எடுப்போம் பாருங்க, அதுக்குச் சமமா ஒரு சங்கும் கெடையாது. அந்த மூச்ச அவனுக்குக் குடுங்க."

மூட்டத்துக்குக் கோயில் மணி அடிக்கலாம் என்று பங்குச்சாமி சொன்னார்.

வெறுமனே போய்க் கையை மூடினால் போதும்தான். ஆனால் ஒரு வருஷம் தனியாக நின்றவனைத் தனியாகவே விட தஸ்நேவிஸுக்கு மனசு வரவில்லை. போன வருஷத்து உருப்படியை எடுத்து, கடைசிக் கட்டத்தில் போட்ட முடிவுக் கோடுகளை பிளேடால் சுரண்டினார், அதன் பிறகு ஒரு பக்கம் எழுதினார். அந்தப் பக்கத்தில் போனவர்கள் எல்லாம் திரும்பி வருவார்கள்: முதலில் எல்லாக் குழலிலும் அடிக்குரலான டியூபா, அமலோருக்குத் தோள் கொடுக்கிற மாதிரி கீழே வந்து நிற்கும், பிறகு கிளாரினெட்டுகள் இரண்டு பக்கமும், பிறகு டிரம்பெட்டுகள், எல்லோருக்கும் மேலே குரூஸின் சின்ன டிரம் உருட்டல். அதில் புதிய ராகம் ஒன்றும் இல்லை, மெச்சத்தக்க வேலைப்பாடு ஒன்றும் இல்லை. ஒருவனைச் சுற்றி இருபத்தொரு பேர் வந்து நிற்பது, அவ்வளவுதான். அவருடைய இருபது வருஷத்தில் மிக எளிமையான பக்கம் அது. எழுதும்போது ஜன்னல் வழியே வந்த சுரம் ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

கொடியேறியது. மாலை வெயில் கோபுரத்தின் பாதியில் இருந்தது. மரத்தின் மேலும் மதிலின் மேலும் ஆட்கள் இருந்தார்கள், பள்ளிவாசல்காரர்கள் வந்திருந்தார்கள், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். இருபத்தொரு பேர் உட்கார்ந்தார்கள், இருபத்திரண்டாவது நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் கீழே பிலோமி வைத்த காப்பி இருந்தது. தஸ்நேவிஸ் பலகையில் ஏறினார். சட்டைப் பை காலியாக இருந்தது.

கையை விரித்து உயர்த்தினார். டியூபா வந்தது. கிளாரினெட்டுகள் வந்தன. டிரம்பெட்டுகள் வந்தன. அமலோரின் சுரம், வருஷம் முழுக்க நடுங்காத சுரம், மற்றவர்கள் வந்து சூழ்ந்ததும் லேசாக நடுங்கியது; வெகுதூரம் நடந்தவன் வீட்டு வாசலைக் கண்டதும் அவன் கால் நடுங்குமே, அந்த மாதிரி. எல்லோரும் கண்ணில் நின்றார்கள். தஸ்நேவிஸ் நாற்காலியைப் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார். இன்னும் ஒரு நொடி வைத்திருக்கலாம் என்று அவர் மனசு சொன்னது, இன்னும் ஒரே ஒரு நொடி, அவன் இருக்கிற ஒரே ஒரு நொடி.

கையை மூடினார்.

நின்றது.

கிளாஸில் வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரத்துக்குப் போய் மறைந்தன, காப்பி கண்ணாடி போல ஆனது. ஒரு வருஷமாக யாரும் கேட்காத சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன, கடல் வந்தது, வேம்பின் இலை வந்தது, எங்கோ ஒரு கதவு வந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டன, ஆனால் ஒன்றும் அழவில்லை. தஸ்நேவிஸ் மூடிய கையை இறக்காமல் நின்றார்.

அப்போது அந்த நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனின் வாய் உயரத்தில், கடலடியிலிருந்து எழும்பி வந்தவன் எடுப்பானே அப்படி, ஆழமாக, நீளமாக, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, காது மந்தமான தொம்மைக்கும் கேட்டது, அவர் தலைத்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

பிலோமி எழுந்து போய் நாற்காலியின் முதுகில் கை வைத்தாள்.

"மெதுவா," என்றாள். "மெதுவா எடுங்க. இனி அவசரம் ஒண்ணுமில்ல."